பட்டிக்கு எந்த நாய்?



ஆட்டுக்கொட்டிலை நிலத்திலிருந்து உயர்த்திக் கட்டுவது பற்றி முன்பு இந்தப் பக்கத்தில் எழுதியிருந்தேன். அதை வாசித்த சிலர் கிராமங்களில் என்னைக் கண்டபோது, "கொட்டில் சரி தங்கச்சி, இரவில் காவலுக்கு என்ன செய்யிறது?" என்று கேட்டார்கள். கணவர் இல்லாத வீடு, வயதுபோன மாமி, படிக்கிற பிள்ளைகள், காட்டோரக் காணி. இந்த நிலையில் வாழும் எங்கள் சகோதரிகளுக்கு இது பொழுதுபோக்குக் கேள்வி அல்ல. ஒரு இரவில் நான்கு குட்டிகள் போனால் சுழற்சிக் கடனின் மூன்று மாதத் தவணையும் அதோடு போய்விடும்.

இதற்கு என்னிடம் இருக்கும் பதில் புத்தகத்தில் மட்டும் படித்தது அல்ல. ஒட்டுசுட்டான் பக்கத்தில் வசிக்கும் ஒரு அக்காவின் அனுபவத்தோடு சேர்ந்தது. அதையே இம்முறை சொல்கிறேன்.

தொலைபேசியில் இரண்டு படங்கள்

அந்த அக்காவுக்கு வயது நாற்பத்தைந்து இருக்கும். கணவர் 2009இல் காணாமல் போனவர். அவரைத் தேடும் அலைச்சலோடுதான் மகளைப் படிப்பித்தார், மாமியாரைப் பார்த்தார், ஆடும் வளர்த்தார். நான் போன நேரத்தில் அவரிடம் பதினொரு ஆடுகள் நின்றன. மார்கழி மாதத்து மழை இரவொன்றில் கட்டாக்காலி நாய்கள் கூட்டமாக வந்து நான்கு குட்டிகளைக் கடித்துக் குதறிவிட்டன. ஒன்றையாவது தின்றிருந்தால் பசி என்று சொல்லலாம். கடித்துப் போட்டுவிட்டுப் போயிருந்தன.

லண்டனில் இருக்கும் அவருடைய தம்பி இதைக் கேள்விப்பட்டு, "அக்கா, காசைப் பற்றி யோசிக்காதை. நல்ல சாதி நாய் ஒன்று வாங்கு. நான் அனுப்புறன்" என்று சொல்லியிருக்கிறார். மகள் தொலைபேசியில் தேடியிருக்கிறாள். மாடு மேய்க்கிற நாய், உருவத்தில் சிறியது, சாப்பாடும் குறைவு என்று போட்டிருந்த ஒரு சாதியைக் கண்டுபிடித்தாள். கோர்கி என்று பெயர். அதிலும் இரண்டு வகை. பெம்புறோக் ஒன்று, கார்டிகன் மற்றது.

இரண்டு படங்களையும் என்னிடம் காட்டி அக்கா கேட்டார்: "தங்கச்சி, நீ படிச்சனி. இரண்டும் ஒரே மாதிரித்தான் கிடக்கு. எது நல்லது?"

எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லிவிட்டு, பார்த்து வந்து சொல்கிறேன் என்றேன். சமூகவியல் படித்தவளுக்கு நாயைப் பற்றி என்ன தெரியும்? ஆனால் தேடிப் படித்தபோது அது நாயைப் பற்றிய கதையாக மட்டும் இருக்கவில்லை. காணி இல்லாத, காசு இல்லாத சனங்கள் தங்கள் தேவைக்கு ஏற்ற ஒரு பிராணியை எப்படி உருவாக்கினார்கள் என்ற கதையாகவும் இருந்தது.

மகாராணியின் நாய், மாட்டுக்காரரின் நாய்

எங்கள் அம்மம்மாமாருக்கு எலிசபெத் மகாராணியின் படம் நல்ல பழக்கம். 1954 சித்திரையில் அவர் இலங்கைக்கு வந்தார். 1972இல் நாடு குடியரசாகும் வரை இலங்கைக்கும் அவரே மகாராணி. அவருடைய பல படங்களில் காலடியில் நரி முகத்தோடு கட்டைக்கால் நாய்கள் நிற்கும். அவைதான் கோர்கி. 1933இல் அவருடைய தகப்பனார் முதல் நாயை வீட்டுக்குக் கொண்டுவந்தார். 1944இல் பதினெட்டாவது பிறந்தநாளுக்கு சூசன் என்ற நாய் அவருக்குக் கிடைத்தது. 2022 புரட்டாதியில் அவர் இறக்கும் போதும் அவரிடம் கோர்கி நாய்கள் இருந்தன. மகாராணி வளர்த்தவை பெம்புறோக் வகை.

அரண்மனைக்குப் போவதற்கு முன்பு கோர்கி ஒரு ஏழை வீட்டு நாய். பிரித்தானியாவின் மேற்குப் பக்கத்தில் இருக்கும் வேல்ஸ் நாடு அதன் ஊர். வேல்ஸ் மொழியில் 'கோர்' என்றால் குள்ளம், 'கி' என்றால் நாய். குள்ள நாய் என்பதே பெயர். அங்குள்ள சிறு கமக்காரர் மாடுகளை மேய்ச்சலுக்கும் வீட்டுக்கும் சந்தைக்கும் ஓட்டிச் செல்ல இதைப் பழக்கினார்கள்.

உயரம் ஒரு அடியளவுதான். அப்படி ஒரு நாய் மாட்டை எப்படி மடக்கும்? குள்ளமாக இருப்பதே அதன் பலம். மாட்டின் பின்பக்கமாக ஓடிப்போய்க் குதிக்காலில் மெல்லக் கடிக்கும். மாடு உதைத்தால் நிலத்தோடு பதுங்கும். உதை தலைக்கு மேலால் போய்விடும். உயரமான நாய் அந்த இடத்தில் நின்றால் தாடை உடைந்திருக்கும். இரு வகைக்கும் இருக்கும் அந்தக் கட்டைக்கால், பரம்பரையலகில் நேர்ந்த ஒரு மாற்றத்தால் வந்தது என்று 2009இல் விஞ்ஞானிகள் கண்டறிந்தார்கள். வேறு சில கட்டைக்கால் நாய்ச் சாதிகளிலும் அதே மாற்றம்தான் இருக்கிறது. மாட்டுக்காரருக்கு அந்த விஞ்ஞானம் தெரியாது. உதை படாமல் வேலை செய்த நாயின் குட்டிகளை வைத்துக்கொண்டார்கள். அவ்வளவுதான்.

இரண்டும் ஒன்றா?

வேல்ஸில் பெம்புறோக், கார்டிகன் என்று பக்கத்துப் பக்கத்து மாவட்டங்கள் இருந்தன. முல்லைத்தீவும் கிளிநொச்சியும் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நாய்களுக்கும் அந்த மாவட்டங்களின் பெயரே வந்தது. ஆனால் வந்த வழி வேறு என்று சொல்லப்படுகிறது.

கார்டிகன் அந்த மலைநாட்டின் பழைய நாய் என்றும், நீண்ட உடம்பும் கட்டைக்காலும் கொண்ட டாக்ஸண்ட் போன்ற நாய்களின் உறவு என்றும் சொல்வார்கள். பெம்புறோக்கின் கதை வேறு. இன்றைய பெல்ஜியம் இருக்கும் பகுதியில் பிளாண்டர்ஸ் என்ற நாடு இருந்தது. கடல்வெள்ளத்தால் ஊரை இழந்த அந்த நாட்டுச் சனங்கள் இங்கிலாந்துக்கு இடம்பெயர்ந்து வந்தார்கள். முதலாம் ஹென்றி மன்னன் 1107ஆம் ஆண்டளவில் அவர்களைப் பெம்புறோக் பகுதியில் குடியமர்த்தினான். அவர்களில் நெசவாளர் பலர் இருந்தார்கள். அவர்கள் கூடவே கொண்டுவந்த நாய்களிலிருந்துதான் பெம்புறோக் வந்தது என்பது அந்த ஊரின் வழிவழிப் பேச்சு. இதை நான் அக்காவுக்குச் சொன்னபோது அவர், "அவையள் நாயையும் கொண்டு போயிருக்கினம்" என்றார். அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை. அதற்குக் காரணம் பின்னால் சொல்கிறேன்.

ஆரம்பத்தில் இரண்டையும் ஒன்றாகவே கணக்கெடுத்தார்கள். கலந்தும் குட்டி எடுத்தார்கள். கண்காட்சிகளில் ஒரு நடுவர் ஒரு வகையை விரும்புவார், அடுத்தவர் மற்றதை விரும்புவார். சண்டை ஓயவில்லை. கடைசியில் 1934இல் பிரித்தானிய நாய்ச் சங்கம் இவற்றை இரண்டு தனிச் சாதிகளாகப் பிரித்துப் பதிந்தது.

இனி வித்தியாசங்களைப் பாருங்கள்.

வால்: கார்டிகனுக்கு நரிவால் போல நீண்ட, அடர்ந்த வால். பெம்புறோக்குக்கு வாலைக் குட்டியிலேயே வெட்டிவிடும் வழக்கம் இருந்தது. சில குட்டிகள் பிறவியிலேயே கட்டைவாலோடு பிறக்கும். அழகுக்காக வால் வெட்டுவதை இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2007இல் சட்டத்தால் தடுத்துவிட்டார்கள்.

காது: பெம்புறோக்கின் காது நடுத்தரமாக, நுனி கூர்மை மெல்ல மழுங்கி நிமிர்ந்து நிற்கும். கார்டிகனின் காது பெரியது, நுனி வட்டமானது.

கால்: கார்டிகனின் முன்கால்கள் நெஞ்சைச் சுற்றிச் சற்று வளைந்து, பாதம் கொஞ்சம் வெளிப்பக்கம் பார்க்கும். பெம்புறோக்கின் கால் அதைவிட நேர்.

உடம்பு: கார்டிகன் சற்று நீளம், சற்றுப் பாரம். ஆண் நாய் 14 முதல் 17 கிலோ வரை வரும். பெம்புறோக் ஆண் நாய் 14 கிலோவுக்குள் நிற்கும்.

நிறம்: பெம்புறோக்கில் செம்மஞ்சளும் வெள்ளையும் அதிகம். கார்டிகனில் புலிவரி, நீலச்சாம்பல் என்று பல நிறங்கள் உண்டு.

குணம்: பெம்புறோக் யாரோடும் விரைவில் சேரும், துடியாட்டம் கூட. கார்டிகன் புதியவரைத் தள்ளி நின்று பார்த்து, யோசித்துத்தான் கிட்ட வரும். இரண்டும் கெட்டித்தனமானவை, இரண்டும் நன்றாகக் குரைக்கும், இரண்டும் வேலை இல்லாவிட்டால் ஓடும் பிள்ளைகளின் குதிக்காலைக் கடிக்கப் பார்க்கும்.

இவ்வளவையும் கேட்ட அக்காவின் மகள், "அப்ப கார்டிகன்தானே அன்ரி எங்களுக்குச் சரி? புது ஆக்களை நம்பாதெல்லோ?" என்றாள். கெட்டிக்காரப் பிள்ளை. சாதியைவிடக் குணத்தைப் பார்த்தாள். ஆனால் இன்னும் இரண்டு விடயம் பார்க்க வேண்டியிருந்தது.

எங்கள் வெயிலும் எங்கள் வேலையும்

முதலாவது, காலநிலை. இரண்டு கோர்கிக்கும் இரட்டை மயிர்ப் போர்வை. உள்ளே பஞ்சுபோல ஒன்று, வெளியே முரடாக ஒன்று. வேல்ஸின் குளிருக்கும் மழைக்கும் அமைந்த உடம்பு அது. எங்கள் ஆவணி வெயிலில் அது இளைத்து இளைத்துக் கிடக்கும். நீண்ட முதுகும் கட்டைக்காலும் உள்ள நாய்க்கு முள்ளந்தண்டு வருத்தம் வரும் ஆபத்து அதிகம். உடம்பு வைத்தால் அது இன்னும் கூடும். வயதுபோகும் காலத்தில் பின்கால்கள் மெல்ல மெல்லச் செயலிழக்கும் நரம்பு நோய் ஒன்றும் இந்தச் சாதிகளில் காணப்படுகிறது. கொழும்பில் குளிரூட்டி அறையும் மிருக வைத்தியரும் உள்ளவர்கள் சமாளிப்பார்கள். காட்டோரத்தில் இருக்கும் அக்காவுக்கு, மருந்துக்கு நாயைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போவதென்றால் ஒரு நாள் கூலி போய்விடும்.

இரண்டாவது, வேலை. இதுதான் முக்கியம். நாய்க்குக் கால்நடையோடு இரண்டு விதமான வேலை உண்டு. ஒன்று, ஓட்டுவது. மற்றது, காப்பது. ஓட்டுகிற நாய் மாட்டை, ஆட்டைத் துரத்த வேண்டும், மடக்க வேண்டும். வேட்டை நாயின் குணத்தை அரைவாசியில் நிறுத்திப் பழக்கியது அது. காக்கிற நாய் இதற்கு எதிர். அது ஆட்டைத் துரத்தவே கூடாது. ஆட்டோடு ஆடாகப் படுத்திருந்து, வெளியார் வந்தால் மட்டும் எழும்ப வேண்டும்.

கோர்கி இரண்டும் ஓட்டுகிற சாதி. கார்டிகன் மாவட்டத்தில் முன்பு கமக்காரருக்கு வீட்டைச் சுற்றிக் கொஞ்ச நிலம்தான் சொந்தம், மீதி பொது மேய்ச்சல் நிலம். தன் மாடு பரவி மேய, அயலார் மாட்டைக் கலைக்க அந்த நாய் உதவியது என்று சொல்வார்கள். 19ஆம் நூற்றாண்டில் பொது நிலங்களுக்கு வேலி விழுந்தது. மாடு சந்தைக்குப் போக ரயிலும் வந்தது. நாய்க்கு வேலை போயிற்று. மேய்ச்சல் தரை கேட்டு வருடக்கணக்காகப் பிரதேச செயலகங்களுக்கு அலையும் எங்கள் மாட்டுக்காரருக்கு இந்தக் கதை விளங்கும். வேலை போன பிறகு அந்த நாய் கண்காட்சியிலும் அரண்மனையிலும் வாழ்ந்தது. அங்கும் நிலையில்லை. 2014இல் மகாராணி இருக்கும்போதே பிரித்தானியாவில் பதியப்பட்ட பெம்புறோக் குட்டிகளின் தொகை 300க்குக் கீழே இறங்கியது. பெயரும் மோஸ்தரும் ஏறும், இறங்கும்.

அக்காவின் பதினொரு ஆடுகளை ஓட்ட நாய் தேவையில்லை. மாமியார் ஒரு பூவரசங் கம்போடு ஓட்டிவிடுவார். அவருக்குத் தேவை காவல். ஆகவே என் பதில்: "அக்கா, இரண்டும் நல்ல நாய். ஆனால் இரண்டும் உங்கட வேலைக்கு இல்லை."

எங்கள் நாய்கள்

அப்படியானால் எந்த நாய்? இதைச் சொல்ல முன், மேலே சொல்லாமல் விட்டதைச் சொல்கிறேன்.

எங்கள் வீட்டிலும் ஒரு நாய் நின்றது. வீமன் என்று பெயர். 2008 ஐப்பசியில் நாங்கள் கிளிநொச்சிப் பக்கத்திலிருந்து தர்மபுரத்துக்குப் போனபோது உழவு இயந்திரத்தின் பின்னால் ஓடி வந்தது. அங்கும் எங்களோடு தறப்பாளின் கீழ் இருந்தது. அடுத்த தையில் விசுவமடுவுக்கு வெளிக்கிட்ட இரவு, அதைக் கூப்பிட நேரம் இருக்கவில்லை. எனக்கு அப்போது பதினெட்டு வயது. மனிதரை விட்டுவிட்டு வந்த நாட்கள் பின்னால் வந்தபடியால் நாயைப் பற்றிப் பேச எங்களுக்கு வெட்கமாக இருந்தது. அம்மா அதன் பிறகு வீட்டில் நாய் வளர்க்கவில்லை. இதை வாசிக்கும் பலருக்கு இப்படி ஒரு நாய் இருந்திருக்கும். அதை நினைத்து அழுவதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை என்று இப்போது நினைக்கிறேன்.

நாங்கள் செட்டிகுளம் முகாமிலிருந்து திரும்பி வந்தபோது, சனமில்லாத ஊர்களில் பெருகிய நாய்கள் கூட்டமாகத் திரிந்தன. வளர்த்தவர் இல்லாத நாய், பழக்கியவர் இல்லாத குட்டி. இன்று ஆட்டைக் கடிக்கும் நாய்களில் பல, யாரோ கட்டாமல் விட்டவையும் சந்தையடியில் கொண்டுபோய்க் கொட்டியவையும். அப்படிக் கொட்டப்படுவதில் அதிகம் பெட்டைக் குட்டிகள். இதையும் நாங்கள் யோசிக்க வேண்டும்.

கடிக்கும் நாயும் காக்கும் நாயும் ஒரே தாயின் வயிற்றில் பிறக்கலாம். வித்தியாசம் வளர்ப்பில் இருக்கிறது. நாய்க்குட்டி பிறந்து 3ஆம் கிழமையிலிருந்து ஏறக்குறைய 12, 14 கிழமை வரைக்கும், யாரோடு இருக்கிறதோ அவரைத் தன் இனமாக ஏற்றுக்கொள்ளும். சமூகவியலில் நாங்கள் சமூகமயமாதல் என்று படித்தது நாய்க்கும் உண்டு.

1833இல் சாள்ஸ் டார்வின் என்ற விஞ்ஞானி தென்னமெரிக்காவில், இன்றைய உருகுவே நாட்டில், இதை நேரில் கண்டு எழுதியிருக்கிறார். அங்கே வீட்டிலிருந்து தூரத்தில் செம்மறிக் கூட்டத்தை நாய் தனியாகக் காத்து நின்றது. குட்டியைச் சின்னதிலேயே தாயிடமிருந்து எடுத்து, ஒரு செம்மறியைப் பிடித்து நாளுக்கு மூன்று நான்கு தரம் பால் குடிக்க விடுவார்களாம். பட்டிக்குள்ளேயே கம்பளி மயிரில் படுக்கை. வேறு நாயோடும் பிள்ளைகளோடும் விளையாட விடுவதில்லை. அந்த நாய் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வரும்போது வீட்டு நாய்கள் கலைக்குமாம். ஓடிப்போய்த் தன் மந்தையைச் சேர்ந்ததும் திரும்பி நின்று குரைக்க, கலைத்த நாய்கள் ஓடிவிடுமாம்.

ஆபிரிக்காவில் பொட்சுவானா நாட்டில், சிவிங்கிப் புலியிடமிருந்து ஆட்டைக் காக்க வெளிநாட்டுச் சாதி நாய்களையும் உள்ளூர் நாய்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2021இல் வந்த அந்த ஆய்வின் முடிவு, அந்த வெயிலுக்கும் அந்த வீடுகளுக்கும் உள்ளூர் நாயே கூடப் பொருத்தம் என்பது. வேல்ஸ் மாட்டுக்காரர் செய்ததும் இதுதான். கையில் இருந்த நாயில், தங்கள் வேலைக்குப் பொருந்தியதை வளர்த்தார்கள்.

அக்காவின் குட்டி

அக்கா அயலில் ஈன்ற ஊர் நாயின் குட்டி ஒன்றை எட்டுக் கிழமையில் எடுத்தார். யாரும் எடுக்காமல் மிஞ்சிய பெட்டைக் குட்டி. தம்பி அனுப்பிய காசில் கொட்டிலுக்குக் கம்பிவலையும் பூட்டும் வாங்கினார். கொட்டில் மூலையில் வலையால் ஒரு சின்ன அறை அடைத்து அதற்குள் குட்டியை விட்டார். ஆடுகள் வந்து மணந்து பார்க்கும், ஆனால் மிதிக்க முடியாது. சாப்பாடும் படுக்கையும் அங்கேயே. மகளுக்குத்தான் கஷ்டம், தூக்கிக் கொஞ்ச முடியவில்லை.

எல்லாம் நேராக நடந்தது என்று சொல்ல மாட்டேன். ஏழாம் மாதத்தில் அது விளையாட்டாக ஒரு ஆட்டுக்குட்டியின் காதைக் கடித்துவிட்டது. மாமியார், "உதைக் கலைச்சு விடு பிள்ளை, பிழைச்ச சாமான்" என்றார். நானும் பயந்துபோனேன், என் சொல்லைக் கேட்டுத்தானே செய்தார். ஆனால் அந்த வயது நாய்க்கு அது வழமை. அக்கா அடிக்கவில்லை. உடனே அதட்டி, குட்டிகளிடமிருந்து பிரித்து, கொம்புள்ள மூத்த மறியாடுகளோடு விட்டார். இரண்டு இடி வாங்கியபின் மரியாதை வந்துவிட்டது. ஒன்றரை வயதுக்குப் பிறகுதான் அதைக் குட்டிகளோடு தனியே விட்டார்.

இப்போது அதற்கு மூன்று வயது. ஆடுகள் பதினேழு. இடையில் ஒரு குட்டி போனது, அதுவும் கொட்டிலைப் பூட்ட மறந்த இரவில். நாயோடு வேலியும் பூட்டும் சேர்ந்தால்தான் காவல். அக்கா என்னிடம் சொன்னது வேறு ஒன்று: "அது குரைச்சா ஒரு மாதிரிக் குரைப்பு, சும்மா இருந்தா இன்னொரு மாதிரி. இப்ப நான் இரவில நித்திரை கொள்ளுறன் தங்கச்சி." பதினைந்து வருடத்துக்கு மேலாக அரை நித்திரையில் கிடந்த ஒரு பெண்ணின் வாயிலிருந்து வந்த சொல் இது.

நீங்களும் செய்வதானால்

குட்டியை எட்டுக் கிழமைக்கு முன் தாயிடமிருந்து பிரிக்காதீர்கள். எடுத்த அன்றே ஆட்டோடு பழக்கத் தொடங்குங்கள். பெட்டைக் குட்டியை ஒதுக்காதீர்கள். அதுவும் நன்றாகக் காக்கும். உங்கள் பகுதிக் கால்நடை வைத்திய அலுவலகத்தில் கேட்டுக் கருத்தடை செய்துவிடுங்கள், குட்டிகளைச் சந்தையடியில் விடும் பாவம் வராது.

காவல் நாய் நரியோடும் கட்டாக்காலி நாயோடும் சண்டை பிடிக்கும். ஆகவே விசர்நோய்த் தடுப்பூசி அதற்கு மிக அவசியம். வருடத்துக்கு ஒருமுறை போட வேண்டும். எங்கே, எப்போது போடுகிறார்கள் என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள். அட்டையைப் பத்திரமாக வையுங்கள். உங்களையோ பிள்ளையையோ எந்த நாயாவது கடித்தால், பிறாண்டினால், காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஊசி அங்கே இலவசம். நாளைக்குப் பார்ப்போம் என்று விட வேண்டாம். விசர்நோயின் அறிகுறி வந்தபின் உயிரைக் காப்பாற்ற வழி இல்லை என்றே சொல்லலாம். ஆட்டுக்கும் மாட்டுக்கும்கூட கடியால் அந்த நோய் வரும்.

செத்த குட்டியையோ பச்சைக் குடலையோ நாய்க்குப் போடாதீர்கள். ஆழமாகப் புதையுங்கள். பூச்சி மருந்தை வைத்தியரின் சொற்படி கொடுங்கள். பகலிரவாகச் சங்கிலியில் கட்டி வைக்காதீர்கள். கட்டியே கிடக்கும் நாய்க்கு ஆட்டையும் தெரியாது, ஆளையும் தெரியாது. வால், காது வெட்டும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், அதனால் வீரம் கூடாது.

வெளிநாட்டிலிருந்து உறவுகள் சாதி நாய்க்குக் காசு அனுப்புவதாகச் சொன்னால், அவர்களுடைய அன்பைத் தட்ட வேண்டாம். வேலிக்கும் கொட்டிலுக்கும் தடுப்பூசிக்கும் கேளுங்கள். ஆடு வாங்கும்போது நாங்கள் என்ன கேட்கிறோம்? ஜமுனாபாரி என்ற பெயரைப் பார்த்து மட்டும் வாங்குவதில்லை. எங்கள் குழை போதுமா, எங்கள் கொட்டில் தாங்குமா என்று யோசிக்கிறோம். நாய்க்கும் அதே கணக்குத்தான். வேலை என்ன, வெயில் என்ன, எங்கள் கை எவ்வளவு என்று பார்த்த பிறகுதான் சாதி.

போன மாதம் அக்காவின் வீட்டுக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். அம்மா கொட்டிலடியில் கனநேரம் நின்று அந்த நாயைப் பார்த்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டார்: "உந்தத் தாய் நாய் இன்னும் குட்டி போடுறதோ?"

விசாரிக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

உங்கள் வீட்டுக் காவல் அனுபவங்களை எழுதி அனுப்புங்கள். எழுத வசதி இல்லாதவர்கள் உங்கள் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் சொன்னால், அங்குள்ள தங்கைகள் எழுதித் தருவார்கள்.

அன்புடன்,
உங்கள் சகோதரி